டாஷ்போர்டில் ஒரு சொம்புத் தண்ணீர்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவதையொட்டி இந்தச் சிறு நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். இதை வாங்குகிறவர்களில் பாதிப்பேராவது அப்பாவின் வண்டியில் ஏறியிருப்பீர்கள். ஏறியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது, "அண்ணாச்சி, கொஞ்சம் மிதிங்க" என்று சொல்லியிருப்பீர்கள். அப்பா மிதித்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மூத்த மகளாகிய நான் அவருடைய பெருமையைச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. போன வருடம் அப்பாவைக் கிடத்தியிருந்த துட்டி வீட்டில் என்னைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. அதற்கான பதிலை இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது திருவேங்கடம் என்கிற ஊரில். மழையை நம்பிய கரிசல் நிலம்; குடிக்கிற தண்ணீருக்குக்கூடத் தூரம் நடக்க வேண்டும். குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் சிந்தினாலும் வீட்டில் ஏச்சு விழும். அப்பா சிறுவயதிலேயே தாயை இழந்தார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீருக்கும் போனார், விறகுக்கும் போனார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கொஞ்ச காலம் டிராக்டர் ஓட்டினார். பிறகு லைசென்ஸ் எடுத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து, டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வேனோடு நின்றார். சீசனில் குற்றாலத்துக்குச் சவாரி. மற்ற மாதங்களில் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு.

அப்பாவுக்கு மைலேஜ் என்பது ஒரு கிறுக்கு. அம்மா அதை அப்படித்தான் சொல்வார். காலையில் டயர் சூடாவதற்கு முன்பே காற்று பார்ப்பார். "காத்து குறைஞ்சா வண்டி ஓடலைன்னு அர்த்தம். இழுத்துக்கிட்டுப் போவுது" என்பார். சவாரி இறங்கியதும் மேல் கேரியரைக் கழற்றி வீட்டில் போட்டுவிடுவார், சும்மா எதற்குக் காற்றை மறிக்க வேண்டும் என்று. ரயில்வே கேட் மூடியிருந்தால் முதலில் இன்ஜினை அணைப்பார், பிறகுதான் வேர்வையைத் துடைப்பார். டிக்கியில் நான் மறந்து வைத்த புத்தகக் கட்டைக் கண்டுபிடித்து, "இது எத்தனை நாளா ஓசியில ஊர் சுத்துது?" என்று கேட்டிருக்கிறார். முன்னால் பஸ் நிற்கப் போவது தெரிந்தால் ஒரு பர்லாங்குக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கடைசி நேரத்தில் பிரேக் போட்டால் அதுவரை எரித்த டீசலைத் தெருவில் கொட்டியதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

சவாரி இல்லாமல் வெறும் வண்டியாக வரும்போது டாஷ்போர்டில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொள்வார். பழைய டியூபை வெட்டி அதற்கு ஒரு வளையம் செய்திருந்தார். சொம்பு நிறையத் தண்ணீர். தென்காசியிலிருந்து குற்றாலம் போய்த் திரும்பி, வண்டியை நிறுத்திவிட்டு டாஷ்போர்டைத் தடவிப் பார்ப்பார். கை நனையவில்லை என்றால் அன்றைக்கு அவருக்கு ராஜ சந்தோஷம். "தண்ணி சிந்தலைன்னா டீசலும் சிந்தலைட்டி" என்பார். நான் லைசென்ஸ் எடுத்த புதிதில் எனக்கும் அந்தச் சொம்பை வைத்தார். ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் என் சேலை நனைந்துவிட்டது. "அப்பா, இது காரா, தேரா? தேரே இதுக்கு முந்தி நிலைக்கு வந்திரும்" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சொம்பை மறுபடியும் நிரப்பினார்.

இந்தக் கிறுக்கில் ஒரு பெரிய தப்பும் நடந்தது. அதை மறைத்து எழுதினால் அப்பாவே கோபிப்பார்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். கேரளத்துக்குச் சவாரி போகிற டிரைவர்கள் அப்போது ஒன்று செய்வார்கள். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினையும் அணைத்து, வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். இறக்கம் முழுவதும் ஒரு சொட்டு டீசல் செலவில்லை என்று ஸ்டாண்டில் வந்து மார்தட்டுவார்கள். அப்பாவும் அப்படித்தான் இறங்கினார். பக்கத்தில் முன் சீட்டில் சித்தப்பா. வளைவில் எதிரே ஒரு லாரி. அந்த வேனில் இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். அப்பா மிதித்த பிரேக் கல்லாக இறுகிவிட்டது. வேன் மண்மேட்டில் போய் மோதியது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பாவின் முழங்கால் நொறுங்கிவிட்டது.

சித்தப்பா அப்போது போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, பயிற்சிக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை அந்த வளைவிலேயே போயிற்று.

சித்தப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மறுநாள் அப்பா ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவரிடமும் போய்ச் சொன்னாராம்: "தம்பி காலை முறிச்சு டீசல் மிச்சம் பிடிச்சவன் நான். என்னைப் பாத்துத் திருந்துங்கலே. இறக்கத்துல கியர்லயே விடுங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே போதும்." பல வருடம் கழித்துப் புதிதாகப் பெட்ரோல் கார் வாங்கியபோது, இறக்கத்தில் கியரில் இருந்தால் பெட்ரோலே போகாது என்று மெக்கானிக் சொன்னார். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா" என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்தார். காலையில் அவரைக் கடையில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அப்பாதான், ஒருநாள் தவறியதில்லை. சித்தப்பா ஒருநாளும் அண்ணனைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன் சீட்டில் மட்டும் அவர் அதன்பிறகு உட்காரவே இல்லை. பின் கதவைத் திறந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். அப்பா கண்ணாடியில் பார்த்துப் பேசிக்கொண்டு ஓட்டுவார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

அப்பாவைக் கஞ்சர் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் தெருவில் பிரசவ வலி எடுத்த எந்தப் பெண்ணிடமும் அப்பா வண்டிக்கு வாடகை கேட்டதில்லை. எதையும் வீணாக எரிக்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

போன வருடம் அப்பாவுக்கு இருந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். வண்டி ஒவ்வொரு முறை குலுங்கியபோதும், பிரேக் போட்டபோதும் அப்பா அலறினார். வாழ்நாளில் அப்பா அலறி நான் கேட்டதில்லை. பத்தாம் நாள் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, அவர் இடத்துல இருக்கட்டும்" என்றார். அது என்ன பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. "நம்ம கார்லயே போவோம். நீயே ஓட்டு தாயி" என்றார்.

மத்தியானம் கிளம்பினோம். முன் சீட்டைச் சாய்த்து அப்பாவைப் படுக்க வைத்தோம், அம்மா பின்னால். அப்பா எப்படி ஓட்டுவாரோ அப்படி ஓட்டினேன். பள்ளத்துக்குத் தூரத்திலேயே காலை எடுத்தேன். பஸ்ஸை முந்தவில்லை. கியர் மாற்றுவதுகூட அவர் உடம்புக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத சொம்பு ஒன்று டாஷ்போர்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். ஆலங்குளம் தாண்டும்வரை அப்பா ஒருமுறைகூட முனகவில்லை. பத்து நாளில் முதல் முறையாகக் கொஞ்சம் கண் அயர்ந்தார்.

பாவூர்சத்திரத்தில் சித்தப்பாவின் போன். "எங்கன வருத?" சொன்னேன். "இன்னும் அங்கனயா? ஏட்டி, உருட்டிக்கிட்டா வருத? இங்க பாலைக் காய்ச்சி வச்சுக்கிட்டு நிக்கேன்!" என்றார். உயிர் பிரியப் போகிறவரின் வாயில் உறவினர் பால் ஊற்றுவது நம் வழக்கம். தன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அண்ணனுக்கு முதல் பாலைத் தானே ஊற்ற வேண்டும் என்று சித்தப்பா நின்றிருந்தார்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முக்கு நெருங்கியது. அப்பா கண்ணைத் திறந்தார். "திரும்பாத தாயி. நேரா குத்தாலத்துக்கு விடு. சாரல் விழுதுல்லா, முகத்துல படட்டும்." நான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். "அவுக சொல்லுதபடி விடு" என்றார் அம்மா. அந்த முக்கில்தான், வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கையில் பால் சொம்போடு சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவரைக் கடைசி நிமிடத்தில்தான் பார்த்தேன். நிறுத்த வேண்டுமென்றால் சட்டென்று பிரேக் மிதிக்க வேண்டும். மிதித்தால் அப்பா அலறுவார். அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் என் புத்தியில் ஏறவில்லை. சித்தப்பா கையை நீட்டியதும், பால் அவர் சட்டையில் சிந்தியதும் கண்ணாடியில் தெரிந்தது. ஐயோ, அந்தக் காட்சி இந்த ஒரு வருடத்தில் என் கண்ணை விட்டு ஒருநாளும் அகலவில்லை. கொஞ்ச தூரம் தள்ளியாவது மெதுவாக ஓரம்கட்டி, அவர் நொண்டி நொண்டி வந்து சேரும்வரை காத்திருந்திருக்கலாம். அது என் தப்புதான்.

குற்றாலத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். சாரல் அப்பாவின் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். பிறகு மீட்டர் பக்கம் கண்ணைக் கொண்டுபோனார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்துவிட்டு, "நானே இவ்வளவு எடுத்ததில்லட்டி" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் கழித்து, "தம்பி பின்னாலயே உக்காந்து பழகிட்டான். ஒருநாள் முன்னால உக்காரச் சொல்லு. நீ ஓட்டு. பயப்பட மாட்டான்" என்றார்.

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. கார் தானாக ஓய்ந்து, அருவிக்குப் போகிற வழியில் ஓரமாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பா போய்விட்டிருந்தார். அம்மா பின்னாலிருந்து அவர் நெற்றியில் கை வைத்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தேன்.

துட்டி வீட்டில், "பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போயி எங்க அண்ணன் வாயில ஒரு சொட்டுப் பால் விழாமப் பண்ணிட்டாளே" என்று சித்தப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. பெட்ரோலுக்காக நான் மெதுவாக ஓட்டவில்லை. ஆனால் அப்பா பெட்ரோலுக்காகப் பழகிய கைப்பக்குவம்தான் கடைசிப் பயணத்தில் அவருக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டது. சித்தப்பா அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. அதனால் அப்பா அவருக்குச் சொல்லி அனுப்பியதும் இதுவரை என் வாயிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பந்தல் போட்டு எங்களுக்குச் சோறு கொண்டுவந்த குத்துக்கல்வலசை அக்கம்பக்கத்தாருக்கும், அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் ஒரு ஹாரன் அடிக்காமல், அவர் வேகத்திலேயே வரிசையாக வந்த ஸ்டாண்டு டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகன் இல்லாத அப்பாவுக்கு, என் மேல் அத்தனை ஆத்திரம் இருந்தும், நொண்டிக் காலோடு சுடுகாடு வரை நடந்து கொள்ளி வைத்த சித்தப்பாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்!

சித்தப்பா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். நினைவு நாள் காலையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த குற்றாலப் படித்துறைக்குப் போகிறோம். உங்கள் வாசலில் கார் நிற்கும். டயருக்குக் காற்று பார்த்துவிட்டேன். முன் சீட் காலியாக இருக்கும். அன்று ஊற்ற முடியாமல் போன பாலைச் சொம்பு நிறைய எடுத்துக்கொண்டு வாருங்கள். மூட வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுச் சிந்தாமல் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.