மாமா கட்டிய சூட்டு மேடை

உங்களுக்கு ஓர் அத்தை இருந்தாள், என் தங்கை, பதினேழு நாள். எழுபதுகளில் ஓர் ஆடி மாதம், கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத் தோட்டத்தில், எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். தொட்டால் ஈரத்துணி போலச் சில்லென்று இருப்பாள். சூடு குறைந்தால் பிள்ளை தங்காது என்று பேறு பார்த்த ஆயா சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக் கட்டுகிறவர். அவர் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்குள்ளேயே, படுக்க ஒரு மேடை கட்டினார். ஒரு முனையில் விறகு வைக்கும் வாய். புகை மேடைக்குள் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே வளைந்து வளைந்து போய், மறுமுனைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே வெளியேறும். இரண்டு மணி நேரம் எரித்தால் விடியும்வரை கல் சூடு தாங்கும். ஆற்றுக்கல்லை அவர் தொடவேயில்லை. உள்ளே நீர் இருந்தால் வெடிக்குமாம். அவ்வளவு கவனமான ஆள்.

“மாப்ள, காய உணத்துற மாதிரி எம்மவள உணத்திப்புடாத,” என்றார் அப்பா.

“நீங்கதான் மொதல்ல ஏறிப் படுப்பீக, பாருங்க மச்சான்,” என்று மாமா சிரித்தார்.

சிறு தீயில் மண்ணைக் காயவைத்து, பதினாறாம் நாள் சாயங்காலம் பெரிதாக எரித்தார். பாப்பாவின் பாதம் வெதுவெதுப்பானதும் அம்மா அழுதுவிட்டாள். விறகு கங்கானதும், ஸ்டோரில் தினமும் செய்வதுபோலவே, மாமா புகைக் குழாய்க்குள் ஒரு தகட்டைத் தள்ளி மூடினார். இல்லாவிட்டால் சேர்த்த சூடெல்லாம் வெளியே போய்விடும்.

“இனி நீ ஒண்ணையும் தொடாதக்கா. காலைவரைக்கும் சூடு நிக்கும்,” என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு ராத்திரி வேலைக்குப் போனார். பேறுகாலத் தீட்டென்று நானும் அப்பாவும் அடுத்த வீட்டில் படுத்தோம். சாரலுக்காக அம்மா கதவிடுக்கில் சாக்கை அடைத்திருந்தாள்.

ஸ்டோரின் கதவை மூடினால் உள்ளே ஏலக்காய்தான் இருக்கும். மூச்சுவிடும் ஆள் யாரும் இருப்பதில்லை. குழாயை மூடினால் கங்கு விடுகிற விஷக்காற்று விறகு வாய் வழியாக வீட்டுக்குள்தான் திரும்பும்; அதற்கு நிறமுமில்லை, வாசமுமில்லை.

காலையில் அப்பா கதவை உடைத்தார். வெளியே இழுத்துப் போட்டதும் அம்மா வாந்தி எடுத்தாள், பிழைத்தாள். பாப்பாவின் கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. அந்தக் காற்றுதான் அப்படிச் சிவக்கவைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. “பாப்பாவுக்குச் சூடு வந்திருச்சு,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வந்தவர்களில் ஒருத்தி பாப்பாவின் முகத்தைத் துணியால் மூடினாள்.

மாமா வந்தார். கடப்பாரைகூட எடுக்காமல் வெறுங்கையால் மேடையைப் பிரிக்கத் தொடங்கினார். “விடுறா மாப்ள, போதும்,” என்று அப்பா பிடித்தும் நிற்கவில்லை. விழுந்த ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது. சொன்னபடி வேலை செய்கிற ஒன்றைப் போய் இப்படி உடைக்கிறாரே என்று எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது.