குடும்பப் பெயர்க் கட்டத்தில் லெனின்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் மட்டும் இல்லாதிருந்தால் என் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிச்சமிருக்கும். இனிஷியலோடு பிறந்து தொலைத்த உங்களுக்கும் அந்தக் கட்டத்தின் கஷ்டம் தெரியும்தானே?

பட்டம்

களமருதூரிலிருந்து நிலபுலன் உள்ள ஒரு பெரியவர் வந்தார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. “அப்பா பேரைத்தான் அங்கே போடுவோம்” என்றேன். அவர் சாதிப் பெயரைப் போடச் சொன்னார். சிங்கப்பூரில் அதைப் படித்துவிட்டு எழுந்து நிற்க ஆளில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசரவில்லை.

“இருக்கட்டுங்க. அங்கயும் நம்மூருக்காரன் எவனாச்சும் பாக்காமலா பூடுவான்?”

ஆறு

அடுத்து நின்றவர் சின்னசேலத்தில் மூட்டை தூக்கும் லெனின். கூட வந்திருந்த அவர் மகள் கயல்விழிக்கு ரஷ்யாவில் உதவித்தொகையோடு மருத்துவப் படிப்பு. பாஸ்போர்ட் சீக்கிரம் கைக்கு வந்தால்தான் இடம் நிலைக்கும். கட்டத்தில் ‘லெனின்’ என்று அடித்ததும் அவர் பதறித் தடுத்தார். “அவங்க தலைவரு குடும்பம்னு ஏமாத்துறான்னு தொரத்திட்டா இன்னா சார் பண்றது?”

நான் பெரிய மேதாவியாகச் செல்போனில் தேடி வாசித்தேன். அது அந்தத் தலைவருக்கே பிறவிப் பெயர் இல்லை, உல்யானவ் என்பதுதான் குடும்பப் பெயர். லெனின் என்பது போலீசுக்குத் தண்ணி காட்ட வைத்துக்கொண்டது, லேனா என்ற ஆற்றிலிருந்து வந்தது என்கிறார்கள். அவர் கூட்டாளி ஒருவர் சுத்தியல் என்ற அர்த்தத்தில் மொலோட்டோவ் என்று வைத்துக்கொண்டாராம். கயல்விழி சிரித்துவிட்டாள்.

“அப்ப நாம கோமுகி ஆத்து பேர வச்சிக்கினு போலாம்பா!”

தெரு

பெரியவர் ஜெராக்சுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். லெனின் பக்கம் திரும்பி, “அதெல்லாம் வச்சிக்கின பேருப்பா. ஒங்க தாத்தா பேரு இன்னா? சின்னசேலத்துல எந்தத் தெரு?” என்றார்.

தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாடிக்கையாளராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. லெனின் அந்தக் கட்டத்தை விரலால் காட்டினார். பெரியவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

“லெனின்னே போடுங்க சார். அந்தாளு போலீசு கேக்கும்னு பேர மாத்திக்கினாரு. எங்கப்பா, இவுரு கேப்பாருன்னு எனக்கு வச்சாரு.”

ஆறு, சுத்தியல் என்று அர்த்தம் தேடித் தந்த என் செல்போனுக்கு இந்த அர்த்தம் மட்டும் தெரியவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.