ரதி வேஷக்காரருக்கு வந்த அக்கி

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய பொன்னையா, மாசி பிறந்தால் காமன் கூத்தில் ரதியாகிவிடுவார். மதன் எரிந்த பின் அவர் பாடும் ஒப்பாரிக்குக் கங்காணிமார்கூடக் கண்ணைத் துடைப்பார்கள். கையில் காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடியும்வரை கறி, சாராயம், பெண்சாதி எதுவும் ஆகாது. பொன்னையா குடியிருந்த லயத்துப் பக்கமே வராமல், கூத்து நடக்கும் காமன் பொட்டலிலேயே படுத்துக்கொள்வார்.

ஐம்பத்தேழாம் வருஷம் கூத்து நெருங்கும்போது வலது காதுக்குள் குத்தல் எடுத்தது. பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒத்திகையில் போட்ட லோலாக்கு உரசிய புண் என்று எண்ணெய் தடவினார்கள். அப்புறம் வாய் இடப்பக்கம் கோணியது. வலது கண் மூடவில்லை. நடந்தால் தலை சுற்றியது. அக்கி இடுப்பில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்; காவி குழைத்து அதன்மேல் எழுத ஆள் இருந்தார். காதுக்குள் போய் உட்காருமென்று யார் கண்டது?

எங்கள் ஆட்களுக்குக் காரணம் கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. ரதி எவளிடமோ போய் விரதத்தைக் கெடுத்துவிட்டார் என்று கண்டுபிடித்தார்கள். பொன்னையாவின் மனைவி ராக்காயி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு நின்றாள். "எம்புருசன் அப்படிப்பட்ட ஆளில்ல!"

கூத்து வாத்தியார் சிவசாமி ஒரு வழி சொன்னார். "பொட்டல்ல வச்சுத் தப்ப ஒத்துக்க பொன்னையா. முகம் பழையபடி திரும்பிரும்."

செய்யாத தப்பு. ஆனால் முகம் வேண்டுமே, பாட்டு வேண்டுமே. பொன்னையா சனங்களுக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். "ஆமாங்க, விரதத்தக் கெடுத்துட்டேன்."

முகம் திரும்பவில்லை. ராக்காயிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

கண் சிவந்து பார்வை மங்கிய பிறகே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "இது அக்கி. முகத்து நரம்பப் புடிச்சிருக்கு. நாள் கடந்துபோச்சு, இனி முழுசாத் திரும்பாது."

பொன்னையா அங்கிருந்து நேரே தலவாக்கலைக்கு பஸ் ஏறினார்.

"புள்ள, அக்கியாம். டாக்டரய்யாவே சொல்லிட்டாரு. நான் எந்தத் தப்பும் பண்ணல."

"நீங்க பண்ணலன்னு தோட்டத்துலயே நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள் ராக்காயி. "என்னையப் பொய்க்காரியாக்குனது நீங்கதானே? அன்னைக்குச் சொன்னத நம்பவா, இன்னைக்குச் சொல்றத நம்பவா?"

அவர் பதில் சொல்லப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. ராக்காயி அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.