ரம்புத்தான் குழுவின் ஐந்தாவது ஆள்

மிஸ் தங்கநேசம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். போனில் என் மகள் மலர்.

"அப்பா, மிஸ் போயிட்டாங்க."

"எந்த மிஸ்ஸு?"

தெரியாமல் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு மிஸ்தான். கேள்வி கேட்டால் செய்தி கொஞ்சம் தள்ளிப் போகும் என்ற நப்பாசை.

"லைப்ரரி மிஸ்ப்பா. காலையில, தூக்கத்துலயே."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'அப்பாடா, இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை' என்ற நிம்மதிதான் வந்தது. பாதி மீசை கறுப்பும் பாதி மீசை வெள்ளையுமாக அந்த நிம்மதியோடு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் வெட்கமாக இருந்தது. "லெச்சுமியைக் கண்டனீங்களோ?" யாழ்ப்பாணத்து வழி வந்த மிஸ்ஸின் பேச்சில் இதுதான் கேள்வி. நாற்பது வருடத்துக்கு மேலாக, பார்க்கும்போதெல்லாம், வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

சாவு வீட்டில் ஒட்டியிருந்த தாளில் 'அன்பே உருவானவர்' என்று போட்டிருந்தார்கள். மிஸ்ஸைத் தெரிந்த நீங்கள் எல்லாம் அங்கேயே சிரித்திருப்பீர்கள். பெயரில்தான் நேசம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பிய பிள்ளையின் விரலைப் பிடித்து, குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்த கை அது. அந்தத் தாளை அவரே பார்த்திருந்தால், "ஆர் இதை எழுதினது?" என்று கேட்டு எழுதினவரை எழுப்பி நிறுத்தியிருப்பார்.

நான் அப்போது திகாம் பத்து ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை செய்தேன். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் வாளியில் அதைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எடை பார்ப்பார். நான் ஆளின் பெயரையும் எத்தனை ராத்தல் எடை என்பதையும் உரக்கக் கூப்பிட வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவனுக்கு அந்த வேலை கிடைத்ததற்குத் தொண்டை ஒன்றுதான் காரணம். "யோவ் சுப்பையா, மெதுவா லா! எங்களுக்குக் காது ரெண்டுதான் இருக்கு!" என்று ஆட்கள் திட்டுவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கத்துவேன்.

அந்த வருடம் டவுன் நூலகத்தில் மிஸ் கூட்டு வாசிப்பு ஆரம்பித்தார். நாற்பது பிள்ளைகள், எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஐந்து பேர். மங்குஸ்தீன், டுரியான், ரம்புத்தான் என்று பழங்களின் பெயர். டவுன் பிள்ளைகளையும் தோட்டத்துப் பிள்ளைகளையும் கலந்து போட்டிருந்தார். சனிக்கிழமை தோட்டத்து லாரியில் எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வரும் பொறுப்பு எனக்கு. என் மலர் ரம்புத்தான்.

நூலகச் சுவரில் மிஸ் பெரிய மரம் ஒன்று வரைந்திருந்தார். இலை வர வேண்டிய இடங்கள் வெறும் கோடாக இருந்தன. ஒரு குழுவில் ஐந்து பேரும் ஒரு புத்தகத்தைப் படித்து, ஐந்து பேரும் ஆளுக்கொரு துண்டாக அந்தக் கதையைச் சொன்னால் ஒரு பச்சை இலை ஒட்டப்படும். ஒவ்வொரு குழுவுக்கும் பத்து இலை. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. எந்த இலை எந்தக் குழுவுடையது என்று எழுதவும் மாட்டார்.

முதல் நாளே நான் கையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "மிஸ், இதுல ஃபர்ஸ்ட் யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப பரிசு?"

"மரம் நிறைஞ்சா எல்லாரும் கடலுக்குப் போறம்."

"எல்லாருமா? அப்ப எதுக்கு மிஸ் புள்ளைங்க அடிச்சிப் புடிச்சிப் படிக்கணும்?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்கள் எத்தனையாம் வகுப்பு?"

"ஆறு மிஸ்."

"தெரியுது," என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இன்னொரு நாள் டவுனில் ஏதோ அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு அப்பா வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. தோட்டத்துப் பிள்ளைகளால் தன் மகனுக்குத் தாமதம் ஆகிறதாம், அவனை வேறு குழுவுக்கு மாற்ற வேண்டுமாம். "கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் மிஸ். "ஆனா அந்த நாலு பிள்ளையளும் உங்கட மகனுக்குச் சொன்ன கதையளை அவன் இஞ்ச வச்சிட்டுப் போகட்டும்." அந்த மனிதர் பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மகன் அதே குழுவில்தான் இருந்தான். அன்றைக்கு நூலகத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸின் மரத்தில் யார் பெயரும் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. எங்கள் ஸ்டோரில் பெயர் இல்லாமல் ஒரு சொட்டுப் பால் தொட்டிக்குள் போகாது. யார் எவ்வளவு என்று தெரியாத ஒரு காரியத்தை எப்படிக் காரியம் என்பது? அந்தக் குறையை நானே தீர்த்து வைத்தேன். லாரியில் வரும்போது, அந்த வாரம் எத்தனை புத்தகம் முடித்தார்கள் என்று பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரிப்பேன். திங்கட்கிழமை ஸ்டோரில் அப்பனின் ராத்தலோடு சேர்த்துக் கூப்பிடுவேன்.

"சன்னாசி, முப்பத்தெட்டு! மவன் மூனு பொஸ்தகம்!"

ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். நாலு நாளில் தோட்டம் முழுக்க அதே பேச்சு. சில வீடுகளில் பிள்ளைகளுக்கு அடி விழுந்ததும் எனக்குத் தெரியும். 'படிக்கட்டுமே' என்று நினைத்தேன். ஒரு வாரம் என் மலருக்கு ஐந்து புத்தகம். அதைக் கூப்பிடும்போது தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். ஐந்தில் இரண்டை அவள் வெறுமனே புரட்டினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

லெச்சுமியும் ரம்புத்தான்தான். காளியப்பனின் மகள், ஒன்பது வயது. எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் போவாள். ஒரு புத்தகத்துக்கு மூன்று வாரம். ஆனால் அவள் படித்ததைச் சொன்னால் மற்ற நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்பார்கள், மிஸ்ஸே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார் என்று மலர் சொல்வாள். அதெல்லாம் என் கணக்கில் வராது.

அவளுடைய அப்பன் காளியப்பன் ஒரு தடவை பாலில் தண்ணீர் கலந்து பிடிபட்டவன். ஒரு திங்கட்கிழமை நான் கூப்பிட்டேன்.

"காளியப்பன், முப்பத்தொன்னு! மவ லெச்சுமி, முட்டை!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எவனோ பின்னாலிருந்து, "அப்பன் பாலுலதான் தண்ணின்னு நெனச்சேன், மவ மண்டையிலயும் தண்ணிதானா லா!" என்றான். காளியப்பன் காலி வாளியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனான். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ரம்புத்தானுக்கு இன்னும் மூன்று இலை பாக்கி. லெச்சுமி இல்லாவிட்டால் மற்ற நாலு பேரும் சட்டென்று முடித்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. அதற்கு அடுத்த சனிக்கிழமை லெச்சுமி லாரிப் பக்கம் வந்தபோது, "எடம் இல்ல பாப்பா, அடுத்த வாரம் பாப்போம்," என்றேன். அவள் லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் படுத்து உருளுகிற அளவுக்கு இடம் கிடந்தது. என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். லெச்சுமி கையில் இருந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"இத மிஸ்ஸுகிட்ட குடுத்துருங்க மாமா. நாப்பத்திரெண்டாம் பக்கம் வரைக்கும் படிச்சிட்டேன்னு சொல்லுங்க."

நூலகத்தில் மிஸ் ரம்புத்தான் மேசையை எண்ணினார். "அஞ்சாவது ஆள் எங்கை?"

"காச்சல் மிஸ்," என்றேன்.

மிஸ் என்னை விட்டுவிட்டு மலரைப் பார்த்தார். மலர் அழ ஆரம்பித்து, லாரியில் நடந்தது, ஸ்டோரில் நடந்தது, அப்பா கூப்பிட்ட முட்டை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மிஸ் ஒரு குட்டி நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். "இருங்கோ," என்றார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். லெச்சுமியின் புத்தகத்தில் அவள் நிறுத்திய பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். "வாசியுங்கோ. ஸ்டோரில கூப்பிடுற சத்தத்தில."

ஒரு பெண் ஆட்டுக்குட்டியை ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போகிற கதை. முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு முன்னால், பல வருடமாகப் பெயரையும் நம்பரையும் தவிர வேறு எதையும் படித்திராத நான், ஒவ்வொரு சொல்லிலும் இடறி விழுந்து எழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் அவர்களை அடக்கவே இல்லை. என் விரல் என்னை அறியாமல் எழுத்துக்கு அடியில் போய் நின்றிருந்தது. ஆடு நடு ஆற்றில் நிற்கும்போது பக்கம் முடிந்தது.

"இப்ப எடையைக் கூப்பிடுங்கோ," என்றார் மிஸ்.

"என்னா மிஸ்?"

"உங்கட பேரைச் சொல்லி."

மலர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் கூப்பிட்டேன். "சுப்பையா... முட்டை." சத்தம் போதாது என்று இன்னொரு தடவை கூப்பிட வைத்தார்.

அன்று சாயங்காலமே காளியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே கூப்பிடவில்லை. "கூப்புட்டது அத்தன சனத்துக்கு முன்னால. கெஞ்சுறது மட்டும் காதோட காதாவா? போங்கண்ணே," என்றான். திங்கட்கிழமையிலிருந்து லெச்சுமி அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போவாள், மரத்துக்கு மரம் கோப்பையில் காய்ந்த பாலை உரிப்பாள், பள்ளிக்கூடமும் கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அடுத்த வாரம் மிஸ்ஸே வந்தார். பஸ் இறங்கி, கஞ்சி போட்ட சேலையோடு செம்மண் பாதையில் இரண்டு மைல் நடந்து வந்தார். காளியப்பன் கதவைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பும்போது ஸ்டோர் பக்கம் என்னைப் பார்த்து நின்றார்.

"உங்கட குரல் நல்லா எட்டுது, சுப்பையா. என்ர குரல் எட்டேல்லை."

வருடக் கடைசியில் மரத்தில் மூன்று இடம் வெறுமையாக இருந்தது. மற்றக் குழுக்களின் பிள்ளைகள், "நாங்க படிச்சி ஒட்டுறோம் மிஸ்," என்று கெஞ்சினார்கள். பெற்றோர்கள் வந்து சண்டை போட்டார்கள். "மூனு காயிதத்தை வெட்டி ஒட்டுனா கை ஒடிஞ்சா போயிரும்? கல்நெஞ்சக்காரி!" என்று ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். மிஸ் சொன்னது இவ்வளவுதான்: "நாலு பேர் கடலைப் பாக்கிறதுக்கு அஞ்சாவது பிள்ளையைத் தள்ளிவிடலாம் எண்டு நான் படிப்பிக்கேலாது."

கடலுக்குப் போகிற பஸ் வரவில்லை. கடல் எங்கள் தோட்டத்திலிருந்து பதினைந்து மைல்தான். நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவர் செய்தது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பத்தொன்பது பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்கு அழுதார்கள். அடுத்த வருடம் புது மரம் நிறைந்தது, எல்லோரும் போனார்கள், மலரும் போனாள். திரும்பி வந்து, கடல் எப்படி இருந்தது என்று அவள் எனக்குச் சொல்லவே இல்லை.

அதற்குள் காளியப்பன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி. மலரின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். பிரிப்பதற்கு முன்னால், "லெச்சுமியைக் கண்டனீங்களோ?" என் மனைவி செத்த வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார். அன்று மட்டும் எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் படுக்கையில் இருந்தவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆளை அடையாளம் தெரியவில்லை என்று நர்ஸ் சொன்னாள். நான் வாயைத் திறந்து, "மிஸ்," என்றதும் கண்ணைத் திறந்தார். அதே கேள்வி.

"இல்ல மிஸ். தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன்.

பொய். லெச்சுமி கூலிம் டவுனில் இருக்கிறாள், ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறாள் என்பது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். சொல்லியிருந்தால், சாகிற அந்த மனுஷி கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார். எனக்கு லெச்சுமியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மலரின் காரில் கூலிமுக்குப் போனேன். அவள் வீட்டு வாசல் கேட்டுக்கு உள்ளே, நரைத்த தலையோடு லெச்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"லெச்சுமி, லைப்ரரி மிஸ்ஸு தவறிட்டாங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல மாமா."

கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"இன்னும் சத்தமா சொல்லுங்க. ஸ்டோருல கூப்புடுவீங்களே, அப்புடி."

மலர், "அக்கா, வேணாங்க்கா," என்றாள். லெச்சுமி அவளைப் பார்க்கவே இல்லை. நான் அந்தச் சந்தில் நின்று, இந்த வயதில் மிச்சமிருக்கிற தொண்டையை எல்லாம் கூட்டிக் கூப்பிட்டேன். "மிஸ் தங்கநேசம், எறந்துட்டாங்க!" எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

இருமல் அடங்கும்வரை லெச்சுமி காத்திருந்தாள். பிறகு, "அந்த ஆட்டுக்குட்டி அக்கரைக்குப் போய்ச் சேந்துச்சா மாமா?" என்று கேட்டாள்.

நான் மலரைப் பார்த்தேன். மலர் தரையைப் பார்த்தாள். முதலில் லெச்சுமியின் கைக்குப் போன அந்தப் புத்தகத்தை அன்றைக்குப் பிறகு ரம்புத்தான் குழு தொடவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"தெரியலம்மா," என்றேன்.

"சரி. அடுப்புல சோறு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மிஸ்ஸின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கண்ணாடியை அவருடைய தம்பி மகள் எடுத்துக்கொண்டாள், புத்தகங்கள் எங்கோ போயின. என்னிடம் இருப்பது, எழுத்துக்கு அடியில் விரலை வைத்துப் படிக்கிற பழக்கம் மட்டும்தான். இப்போது சனிக்கிழமைதோறும் டவுன் நூலகத்துக்குப் போய், குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பிள்ளைகள் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்க்கிறேன். ஆற்றின் நடுவில் ஒரு ஆடு நிற்கிற புத்தகம் உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். முடிவை என்னிடம் சொல்லிவிடாதீர்கள். அதை நான் லெச்சுமியின் கேட்டுக்கு வெளியே நின்று, சத்தம் போட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க வேண்டும்.