உடைந்த ஓடு என்று எழுதினேன்

என் மண் மாதிரிகளை ஆற்றில் தூக்கி எறிந்த மனிதரை இன்றுவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதை மறைக்க இருவரும் முயன்றதில்லை.

அப்போது நான் பங்சாரில் ஒரு கடலாய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில், வாடகை அறை. படித்தது நிலவியல். கடலுக்கு அடியில் எங்கே மணல், எங்கே வண்டல், எங்கே களி என்று கண்டுபிடித்து வரைபடம் போடுவதுதான் வேலை. படகுக்குப் பின்னால் ஓர் ஒலிக்கருவியை இழுத்துக்கொண்டு போவோம். அது அனுப்பும் ஒலி அடித்தரையில் பட்டுத் திரும்பி, திரையில் சாம்பல் படமாக விழும். கெட்டியான இடம் வெளிறித் தெரியும், மெத்தென்ற இடம் கறுத்துத் தெரியும். ஆனால் அந்த வெளிறலும் கறுப்பும் நிஜத்தில் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் அங்கே ஒரு பிடி மண்ணை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு கிராப் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு இரும்புத் தாடைகள். கயிற்றில் இறக்கினால் தரையைத் தொட்டதும் கவ்விக்கொள்ளும். மேலே வந்த சேற்றைத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒரு துளியை முன்பல்லில் வைத்துத் தேய்ப்பேன். நறநறவென்றால் வண்டல். வெண்ணெய்போல் வழுக்கினால் களி.

துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தும் ஓர் ஒப்பந்தக்காரருக்கு, தோண்டிய சேற்றைக் கொட்டக் கடலில் ஓர் இடம் வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஒரு சதுரத்தைக் குறித்துக் கொடுத்து, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பந்திங்குக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மர ஜெட்டி, படகுத்துறை. அங்கிருந்துதான் தினமும் படகு எடுத்தோம். படகோட்டி மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். படகில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் மாதிரிகளோடு திரும்பினேன். ஜெட்டியில் பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் எண் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தொடை வரைக்கும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சேற்றுத் திட்டில் கெராங் பொறுக்குகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. கெராங் என்றால் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் அந்தச் சிப்பி.

"எந்தக் கம்பெனிம்மா?"

"சர்வே அண்ணே. கடலுக்கு அடியில மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறோம்."

"எதுக்கு?"

"மேப் போடத்தான்."

"மேப் யாருக்கு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது அண்ணே."

"போன தடவையும் ரெண்டு பேரு இப்படித்தான் மிஷினோட வந்தாங்க. மேப்புன்னுதான் சொன்னாங்க. அப்புறம் கப்பல் வந்துச்சு, மண்ணத் தோண்டுச்சு, தெக்கால இருந்த கெராங் பூரா வாயப் பொளந்துகிட்டுச் செத்துச்சு. நீ இப்ப எதக் கொல்ல வந்திருக்கே?"

"நான் என் வேலையப் பாக்கறேன். ஒங்களுக்குப் பதில் சொல்ற ஆள் நான் இல்ல."

அவர் குனிந்தார். பைகளை வாரி எடுத்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டார். இரண்டு நாள் வெயில் என் கண் முன்னால் தண்ணீரில் மூழ்கியது. நான் கத்தினேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஜெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, "குடிச்சிட்டு வந்து எங்கிட்ட ஆடாதீங்க!" என்றேன்.

அவர் குடித்திருக்கவில்லை. அவர்மேல் சேறும் வேர்வையும்தான் நாறின. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் என் கையைச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டு நடந்து போனார்.

மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை மாதிரிகளை ஜெட்டியில் இறக்கவில்லை, படகிலேயே பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். சதுரத்தின் பெரும்பகுதி எதிர்பார்த்தபடியே இருந்தது. கருஞ்சாம்பல் களி, அழுகிய முட்டை நாற்றம், புழுகூட இல்லை. ஆனால் கரையைப் பார்த்த மூலையில் ஒலிக்கருவியின் படம் பொரி தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிறியிருந்தது. அங்கே கிராப்பை இறக்கி எடுத்தேன். தட்டில் கொட்டிய சேறு அசைந்தது. தண்ணீர் ஊற்றிச் சல்லடையில் அலசினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கெராங் குஞ்சுகள். விரல் பட்டதும் இறுக மூடிக்கொண்டன. சுற்றி ஆறு இடத்தில் எடுத்தேன். ஆறிலும் இருந்தன. களக் குறிப்பேட்டில் பென்சிலால் 'உயிருள்ள சிப்பிக் குஞ்சுகள், ஏராளம்' என்று ஆறு முறை எழுதினேன்.

படகோட்டி எட்டிப் பார்த்தார். மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இங்கேதான் அது பிறக்கிறது."

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். என் அப்பா டெங்கில் பக்கம் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு ஏதாவது தெரியவில்லை என்றால் அதை நினைவுபடுத்தத் தவறமாட்டார்.

என் அறிக்கையைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "என்ன இது, உயிருள்ள சிப்பி?"

"இருந்துச்சு பாஸ். ஆறு பாயிண்ட்ல."

"நம்ம ஸ்கோப் செடிமெண்ட் மட்டும்லா. மண்ணு. மீனு, நண்டு எல்லாம் வேற ஆளு பாக்கணும். ஓடுன்னு ஒண்ணு மண்ணுல இருக்கு, சரி, உடைந்த ஓடுன்னு எழுது. அதுவும் செடிமெண்ட்தான்."

"உடையல பாஸ். உயிரோட இருந்துச்சு."

அவர் சிரித்தார். "யாருக்காக இவ்வளவு கஷ்டப்படுறே? ஒன் சாம்பிள ஆத்துல தூக்கிப் போட்டானே, அவனுக்காகவா?"

அந்த ஜெட்டி நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவர் பைகளை எறிந்த விதம் நினைவுக்கு வந்தது. மறுப்பதற்கு எனக்கு வழி இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் பெரிதாக இல்லை, வேறு இரண்டு இடங்களில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியது பயத்தில் அல்ல. அந்த மனிதருக்கு ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆறு இடத்திலும் 'உடைந்த ஓடுகள்' என்று தட்டினேன். தட்டும்போது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. வரைபடத்தில் அந்த மூலைக்கும் மற்ற இடங்களுக்குப் போட்ட அதே மண் நிறத்தையே போட்டேன்.

சில வாரங்கள் கழித்து பந்திங்கில் ஒரு மண்டபத்தில் காலைக் கூட்டம். அதிகாரிகள், ஒப்பந்தக்காரரின் ஆட்கள், ஜெட்டிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாஸ் என்னையும் அழைத்துப் போனார். "ஒன்ன மாதிரி ஆளு பேசினா அவங்க நம்புவாங்க" என்றார். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை.

வரைபடத்தைத் திரையில் காட்டி மலாயிலும் தமிழிலும் விளக்கினேன். சதுரம் முழுக்க ஒரே சேறு, கொட்டப்போவதும் சேறு, வித்தியாசம் இருக்காது என்றேன். மூன்றாவது வரிசையில் அவர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. என் பைகளை ஆற்றில் எறிந்தவர் என்று முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அந்தக் கரைப்பக்கத்து மூலையில என்ன எடுத்தீங்க?"

"சேறு. கொஞ்சம் உடைஞ்ச ஓடு."

"உடைஞ்ச ஓடா, உசுரோடயா?"

அவர் உட்காரவில்லை. "நேராக் கேக்கறேன். கெராங் குஞ்சு இருந்துச்சா, இல்லையா?"

பாஸ் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். என்னைக் கைகாட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். "இவங்களுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. சேறு வாரிக்கிட்டு வந்து கொடுத்தவங்க, அவ்வளவுதான். அது என்னன்னு பாத்து முடிவு பண்றது நாங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. ஏழு வருடமாக அந்த நிறுவனத்தின் வரைபடங்களில் பாதி நான் போட்டவை. அவர் கையெழுத்து மட்டும்தான் போடுவார். மைக் இல்லாமலே பேசினேன். மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இருந்துச்சு. உசுரோட இருந்துச்சு. ஆறு எடத்துல எடுத்தேன், ஆறுலயும் இருந்துச்சு. உடைஞ்ச ஓடுன்னு மாத்தி எழுதச் சொன்னது இவருதான். எழுதினது நான்."

பிறகு எழுந்த கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் திரையை அணைத்தார். ஜெட்டிப் பெண் ஒருத்தி என்னை நோக்கி, "இவ்வளவு நாளா எங்கடி இருந்துச்சு ஒன் வாயி?" என்று கத்தினாள். நான் நல்லது செய்துவிட்டதாக அந்த மண்டபத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பொய் எழுதியதும் ஒருவர்மேல் இருந்த ஆத்திரத்தில், உண்மை சொன்னதும் இன்னொருவர்மேல் இருந்த ஆத்திரத்தில்.

போனது பாஸ் காரில், திரும்பவும் அதில்தான் வர வேண்டும். டெங்கில் நெருங்கியது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கேருந்து வந்தேங்கறத காட்டிட்டே இல்ல?"

"டெங்கில்லேருந்து வந்தேன் பாஸ். இங்கதான். நிறுத்துங்க."

நிறுத்தினார். இறங்கினேன். கதவை நான் அறைந்து சாத்திய சத்தம் இரண்டு பக்கத்துச் செம்பனைக்கும் கேட்டிருக்கும். வெயிலில் நடந்து போய் பஸ் பிடித்தேன். மறுநாள் காலை அலுவலக வாசலில் காவல் பார்க்கும் ஜாகா என் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேறு இரண்டு இடங்களில் கூப்பிட்டார்களே, அவர்கள் அதன் பிறகு கூப்பிடவில்லை. கிள்ளானில், கட்டுமானத்துக்கு மண் சோதிக்கும் ஒரு சின்னக் கூடத்தில்தான் வேலை கிடைத்தது. அதற்குள் அதிகாரிகள் வேறொரு குழுவை அனுப்பி அந்த மூலையை மறுபடி பார்த்தார்கள். சதுரத்தை முழுக்க ரத்து செய்யவில்லை, கடல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்கள். சேறு கொட்டும் கப்பல் வரத்தான் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் களக் குறிப்பேட்டின் நகலை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். கெராங் பொறுக்கும் அந்த மனிதர் வலையிலிருந்து குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நகலை நீட்டினேன். வாங்கி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இது மொதல்லயே வந்திருக்கணும்."

"ஆமா. அன்னிக்கி நீங்க குடிச்சிருக்கீங்கன்னு சொன்னதும் தப்பு அண்ணே."

"என் மக அங்கதான் நின்னுகிட்டு இருந்தா" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் மறுபடி வலைமேல் குனிந்தார்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். கொட்டிய சேறு நீரோட்டத்தில் ஊர்ந்து, குஞ்சுகள் இருந்த அந்த மூலைக்கு வருகிறது என்று சந்தேகம். எழுதிக் கொடுக்க ஜெட்டிக்காரர்களுக்கு ஆள் வேண்டும், வேறு யாரும் அகப்படவில்லை. "வர்றதுன்னா வா" என்றார். கூடத்திலிருந்து பழைய கிராப் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

அப்போதிருந்து மாதம் ஒருமுறை அவர் படகில் போகிறோம். மாதிரி எடுக்க வேண்டிய இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அந்த டப்பாவ மூடு, எனக்குத் தெரியும்" என்பார். நான் மூடமாட்டேன். அவர் நிறுத்தும் இடத்துக்கும் கருவி காட்டும் இடத்துக்கும் வித்தியாசம் வரும். அதற்காக ஒரு சண்டை நடக்கும். பிறகு கருவி சொன்ன இடத்தில் ஒரு மாதிரி, அவர் சொன்ன இடத்தில் ஒரு மாதிரி எடுப்போம்.

நான்காம் பயணத்தில் கிடைத்தது. கிராப்பைத் திறந்ததும் மேலே இரண்டு விரல்கடைக்கு வெளிர்சாம்பல் கூழ், பல்லில் வைத்தால் நறநறப்பே இல்லாத களி. அது அந்த இடத்து மண் இல்லை, கால்வாயிலிருந்து வந்தது. அதற்குக் கீழே பழைய கருஞ்சேறு, அதில் கெராங் குஞ்சுகள். பாதி மூடியிருந்தன, பாதி வாய் பிளந்திருந்தன. அவர் பிளந்த ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். "எழுது" என்றார். எழுதினேன். எத்தனை உயிரோடு, எத்தனை செத்தது என்று எண்ணி எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாக ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெட்டிக்காரர்கள் அந்தக் குறிப்புகளை மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். விசாரணை முடியும் வரை கொட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மிச்சமிருக்கும் குஞ்சுகள் வளருமா என்று எனக்குத் தெரியாது, அவரும் தெரியும் என்று சொல்லவில்லை.

போன மாதம் படகில் ஏறும்போது அவர் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. அதை அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார். "அடுத்த தடவ ஒன் சாப்பாட்ட நீயே எடுத்துகிட்டு வா" என்றார். நான் காலையில் வாங்கி வந்திருந்த ரொட்டியைப் பிரித்து, அவர் பக்கம் திரும்பாமலே தின்றேன்.