கடைசி 'து'

அன்று காலை எழும்போதே எனக்குக் காதுவலி. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவரோ நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சினார். காதுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத மனிதர், அதற்குள் எதை ஊற்ற வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் கொட்டிக்கொண்டிருந்தன. 'காது குத்துது, பேச முடியல' என்று ஒற்றைக் கையால் தட்டினேன். 'குத்துது'வின் கடைசி 'து' விழவில்லை. வலி விசேஷமாகிவிட்டது. வீட்டில் இன்னும் காது குத்தாத எட்டு மாத மகள் வேறு இருக்கிறாள்.

மத்தியானம் கணவர் மூன்றாவது தடவையாகப் பூண்டைக் காய்ச்சும்போது, புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி அவருடைய அக்கா வந்து நின்றார். கையில் குட்டித் தோடு, முகத்தில் கோபம்.

"அத்தைக்குச் சொல்லாம ஒரு காதுகுத்தா?"

"ஐயோ அண்ணி, விசேஷமெல்லாம் இல்ல. எனக்குத்தான் காதுவலி."

அவர் அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டினார்.

"விருந்துக்குத் தாளிக்கிற பூண்டு வாசம் கண்டி டவுன் வரைக்கும் மணக்குது. எனக்கேவா காது குத்துற?"