அபயாம்பாளின் பாதி கராஜ்

டெக்ஸஸின் காப்பெல் ஊரில் ஒரு தமிழ் வீட்டு மிக்ஸி மூச்சை நிறுத்திவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்குப் போவதில்லை. கடைக்காரன் பார்த்த மாத்திரத்தில் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்வான். அபயாம்பாளுக்குத்தான் மெசேஜ் பறக்கும். அந்த ஊருக்கு அவள் அபி ஆன்ட்டி. மாயவரத்துக் கோயில் அம்மனின் பெயரை அமெரிக்கா இரண்டு எழுத்தாக நறுக்கிவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெயரை எப்படி வேண்டுமானாலும் நறுக்கட்டும், அவளுடைய ஸ்க்ரூடிரைவரில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

வரும் மிக்ஸிகளில் பாதிக்கு ஒரே கதைதான். லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கென்று இங்கே ஒரு நூற்றுப்பத்து வோல்ட் மிக்ஸியை வாங்கிப் போவார்கள். அங்கே அதை இருநூற்று முப்பதில் சொருகுவார்கள். தேங்காய்ச் சட்னி பாதி அரைபடும்போது புகை கிளம்பும். பணம் போட்டு வாங்கியதைத் தூக்கி எறிய மனசு வராது. பருப்புப்பொடியோடும் அப்பளத்தோடும் அதே பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவந்து, "என்னன்னே தெரியல ஆன்ட்டி, திடீர்னு நின்னுடுச்சு" என்பார்கள். திடீரென்றாம்! அபயாம்பாள் மோட்டாரை முகர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு உட்கார்ந்து அதைப் பிரிப்பாள்.

அவள் எலெக்ட்ரிகல் எஞ்சினியர். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணம் முடிந்து, முகுந்தின் விசாவைப் பிடித்துக்கொண்டு வரும் மனைவியாக டெக்ஸஸில் வந்து இறங்கினாள். அந்த விசாவில் அடுப்படியில் நிற்கலாம், ஜன்னலோரம் நிற்கலாம், கோயில் அன்னதானத்தில் கரண்டியோடு நிற்கலாம். சம்பளத்துக்கு எங்கேயும் நிற்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தபோது மகள் ரக்ஷா மிடில் ஸ்கூலில் இருந்தாள். இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம், இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டார்கள். காத்திருந்தேன் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. அவளும் ஒருநாள் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டு கிரைண்டர் நின்றுபோனது. இட்லி மாவு பாதியில் கிடந்தது. கிரைண்டரை இடுப்பில் வைத்து கராஜுக்குத் தூக்கிப்போய், சிமென்ட் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கழற்றினாள். பெல்ட் அறுந்திருந்தது. மாற்றியதும் கல் சுற்றத் தொடங்கியது. அபயாம்பாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இந்த நாட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் செய்த முதல் வேலை அது. சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அவர்கள் வீட்டு கராஜ் இரண்டு கார் நிற்கக்கூடியது. இடது பாதியில் முகுந்தின் கார். வலது பாதி அவளுடைய வேனுக்கானது. அவள் வேனை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு மேசையைப் போட்டாள். அடுத்து ஒரு அலமாரி வந்தது. காலிப் பாட்டில்களில் ஸ்க்ரூவும் வாஷரும் சேர்ந்தன. உதிரி பாகத்துக்கு உதவும் என்று எடுத்துவைத்த செத்த மிக்ஸிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சில வருஷங்களில் கதவைத் திறந்தால் காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அதை அவளும் மறுக்க மாட்டாள்.

சண்டையைக் கிளப்பிவிட்டது வசந்த காலத்து ஆலங்கட்டி மழை. ஆபீஸ் பார்க்கிங்கில் நின்ற முகுந்தின் கார் உடம்பெல்லாம் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. அவர் ஒரு புது எலெக்ட்ரிக் காருக்கு ஆர்டர் கொடுத்தார். பழையதை விற்கவும் மனசில்லை. ஆஸ்டினில் படிக்கும் ரக்ஷா லீவுக்கு வந்தால் ஓட்டுவாள் என்றார். ஆக, இரண்டு காரும் கூரைக்குக் கீழே நின்றாக வேண்டும். புதுசு அடி வாங்கக் கூடாது, பழையது ஏற்கெனவே வாங்கிவிட்டதால் இனிமேல் வாங்கக் கூடாது. என்ன நியாயம் பாருங்கள்.

முகுந்த் புரோகிராம் மானேஜர். வீட்டிலும் எதையும் மீட்டிங் போடாமல் பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை வீடியோவில் கூப்பிட்டு சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்தார்.

"அபயா, எமோஷனலா பாக்காத. ஒரு கராஜோட பர்பஸ் என்ன?"

"நம்ம வீட்டுலயா? உங்க டிவி பொட்டிங்களை பத்திரமா வெச்சுக்கறது."

"ஜோக் அடிக்காத. ஹெயில் வந்தா ரெண்டு காரும் உள்ள நிக்கணும், அவ்வளவுதான்."

"என் வேன் இத்தனை வருஷமா வெளிய நின்னு அடி வாங்குதே. அதுக்கு ஒரு மீட்டிங்கும் நீங்க போடலயே."

"அது பழசு."

"வாங்கறப்போ புதுசுதான்."

போனுக்குள்ளிருந்து ரக்ஷா, "அம்மா, ஹானஸ்ட்லி, இட் இஸ் எ மெஸ்" என்றாள். முகுந்த் மகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். "ஒரு ஸ்டோரேஜ் யூனிட் வாடகைக்கு எடுத்துத் தரேன். உன் ஹாபியை அங்க வெச்சுக்கோ."

ஹாபி என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஸ்டோரேஜ் யூனிட்டில் ஜன்னல் இருக்காது, ப்ளக் பாயின்ட் இருக்காது. அங்கே சாமான் இருக்கலாம், வேலை நடக்காது. அது முகுந்துக்கும் தெரியும். அவள் எழுந்து தோசை சுடப் போனாள்.

மறுநாள் அவர் ஒட்டும் நாடா வாங்கிவந்து கராஜைப் பங்கு பிரித்தார். வைத்துக்கொள்வதற்குப் பச்சை, எறிவதற்குச் சிவப்பு. அவருடைய கோல்ஃப் மட்டைகளுக்குப் பச்சை. ட்ரெட்மில்லுக்குப் பச்சை. அவளுடைய மேசைக்கு, அலமாரிக்கு, பாட்டில்களுக்கெல்லாம் சிவப்பு. கார் தயாரானதும் ஆயுத பூஜையன்று எடுத்துக்கொள்ள நாள் குறித்தார். அதற்கு முந்திய வாரம் கலிஃபோர்னியாவில் சான் ரமோன் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள முடிச்சுடு, ப்ளீஸ்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் தான் கேட்டதும் நடந்துவிடும் என்று நம்பிப் பழகிவிட்டவர்.

அவர் போனதும் அபயாம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கராஜில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பின்சந்துப் பக்கத்து டிரைவ்வேயில் கொண்டுவந்து வைத்தாள். தூசியில் தும்மினாள், திட்டினாள், மறுபடி உள்ளே போனாள். பாதி வேலை நடக்கும்போது நிமிர்ந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே குவிந்திருந்ததில் முக்கால்வாசி அவளுடையதே இல்லை.

எல்லாம் அட்டைப் பெட்டிகள். வாங்கிய ஒவ்வொரு டிவியின் பெட்டி, அது போய் அடுத்தது வந்தபோது அதன் பெட்டி, பிரின்டர் பெட்டி, ரக்ஷா குழந்தையாக இருந்தபோது வாங்கிய கார் சீட்டின் பெட்டி. உள்ளே தெர்மோகோல் கூடக் கலையாமல் இருந்தது. விசாவில் வந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. எந்த நேரம் வேலை போகுமோ, எந்த ஊருக்கு மூட்டை கட்டச் சொல்வார்களோ என்று ஒரு பெட்டியையும் விட மாட்டார்கள். இவர்கள் சிட்டிசன் ஆகியே சில வருஷம் ஆயிற்று. முகுந்த் இன்னமும் யாரோ வந்து கிளப்பிவிடப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்துக்குக் கூரை உண்டு, அவளுடைய வேலைக்கு மட்டும் சிவப்பு நாடா. அதை நினைத்ததும் சிரிப்பு போய் அபயாம்பாளுக்கு நல்ல கோபம் வந்தது.

கத்தியை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்துத் தட்டையாக்கி ரீசைக்கிளில் போட்டாள். தன் சாமானிடமும் அவள் இரக்கம் காட்டவில்லை. செத்த மிக்ஸிகளிலிருந்து உருப்படியான பாகங்களைக் கழற்றிக்கொண்டு, கூடுகளை ரீசைக்கிள் மையத்தில் இறக்கிவிட்டு வந்தாள். எதற்கென்றே நினைவில்லாத ஒயர்களையும், கல் தேய்ந்த கிரைண்டர்களையும் விட்டுத்தொலைத்தாள். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சுவரில் துளை போட்ட பலகையை அறைந்து, திருப்புளி முதல் குறடு வரை ஒவ்வொன்றுக்கும் கொக்கி மாட்டினாள். எதை எடுத்தாலும் அதன் இடம் காலியாகத் தெரியும்படி சுற்றி மார்க்கரால் கோடு போட்டாள். பெல்ட்டுகளை அளவுவாரியாகத் தொங்கவிட்டாள். பாட்டில்களைத் துடைத்து, கப்ளர், கார்பன் பிரஷ், ஜார் புஷ் என்று தமிழில் எழுதி ஒட்டினாள். வேலை முடிந்தபோது அவள் பாதி இடம் விஸ்தாரமாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவருடைய பெட்டிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறாள்.

முகுந்த் போனில் கேட்டார். "கராஜ் வேலை எந்த அளவுல இருக்கு?"

"ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணிட்டிருக்கேன். பளபளன்னு இருக்கு."

"வெரி குட், வெரி குட்! நீ மனசு வெச்சா முடிச்சுடுவேன்னு எனக்குத் தெரியும்." அவர் குரலில் அத்தனை குளிர்ச்சி. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

பூஜையன்று மாலை, ஏர்போர்ட்டிலிருந்து நேராக டீலரிடம் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெரு இளமாறன் தன் வண்டியில் கூடவே வந்தான். முகுந்தின் டீமில் வேலை பார்க்கிற பையன். புதுக்காரைப் பார்க்க இன்னும் இரண்டு குடும்பங்கள் சந்தில் காத்திருந்தன. முகுந்த் பெருமையாக ரிமோட்டை அமுக்கினார். கராஜ் கதவு மெதுவாக மேலே ஏறியது.

இடது பக்கம் பழைய செடான். வலது பக்கம் மேசை நிறையக் கருவிகள். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், டிரில், ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். துளைப் பலகைக்குச் சாமந்தி மாலை. வாழையிலையில் பொரி, கடலை, சுண்டல். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அபயாம்பாள் மேசைக்கு முன்னால் நின்றாள். அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் காருக்கும் லேப்டாப்புக்கும்தான் பொட்டு வைப்பார்கள். அவள் கருவிகளுக்கு அதுவரை யாரும் வைத்ததில்லை. அவளும்தான் வைத்ததில்லை.

முகுந்த் இறங்கி வந்தார். "என்ன அபயா இது? க்ளீன் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"தரையைத் தொட்டுப் பாருங்க. கண்ணுல ஒத்திக்கலாம்."

"அது சரி, காரை எங்க விடறது?"

"உங்க பாதில."

"அங்கதான் ஏற்கெனவே ஒண்ணு நிக்குதே!"

"அப்போ அதை வெளிய எடுங்க, இல்லன்னா இதை வெளிய விடுங்க. உங்களுக்கு ரெண்டு வண்டி, ஒரு எடம். நீங்களே டிசைட் பண்ணுங்க. என் பாதில வண்டி நிக்காது. நான் நிக்கறேன்."

முகுந்தின் காது மடல் சிவந்தது. பாவம், இளமாறனுக்குத்தான் தாங்கவில்லை. எல்லோரையும் காப்பாற்ற முன்னால் வந்தான். "இன்னைக்குப் பூஜைல வெச்சதை எடுக்கக் கூடாது இல்ல ஆன்ட்டி, அதான! அங்கிள், நாளைக்கு விஜயதசமி முடிஞ்சதும் ஷிஃப்ட் பண்ணிடலாம். நானும் வந்து ஹெல்ப் பண்றேன்."

முகுந்த் அதை இறுகப் பற்றிக்கொண்டார். "ஆமா, ஆமா. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கே. நாளைக்கு எடுத்துடுவா." எல்லோரும் அபயாம்பாளைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். மானம் போகாமல், மனஸ்தாபம் இல்லாமல் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்திருப்பார்கள். இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"சாஸ்திரத்துக்காக வெக்கல" என்றாள். "நாளைக்கும் எடுக்க மாட்டேன், அடுத்த வருஷமும் எடுக்க மாட்டேன். இது என் ஹாபி இல்லங்க. நான் வேலை பாக்கற எடம். சுண்டல் சூடா இருக்கு, எல்லாரும் உள்ள வாங்க."

சொல்லிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கற்பூரத்தைத் தட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்துபோனது. இரண்டாவது பற்றிக்கொண்டது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, கார்க் கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது, எஞ்சின் உறுமியது. எலெக்ட்ரிக் கார் உறுமாது. பழைய செடான்தான் பின்பக்கமாக நகர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

அபயாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. மணியை எடுத்து பலமாக அடித்தாள்.